சத்தமில்லாத கடலோரம்

மக்களே,

மாதா உன்னையும் என் மருமகள் ஷைனியையும் பேத்தி குட்டி ஜெனியையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும். இங்கே மனாமாவில், குதைபியா வீட்டில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நம் கோயில் பாட்டுக்குழுவில் இருக்கிற ஒருவர் வெள்ளிக்கிழமை துபாய்க்கு வருகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்து விடுகிறேன். பொட்டலத்தில் முந்திரிக்கொத்து இருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் இருப்பது விளையாட்டுச் சாமான் இல்லை, தண்ணீரில் மிதக்க வைக்கிற சட்டை, ஜெனி அளவுக்குப் பார்த்து வாங்கியது. கடைக்காரன் பெரிய அளவு எடுத்துக்கோங்க சேச்சி, வளரும் பிள்ளை, ரெண்டு வருஷம் வரும் என்றான். நான் வீட்டில் ஒரு கரண்டி வாங்கினாலும் எத்தனை வருஷம் உழைக்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் வாங்குகிறவள், உனக்குத் தெரியும். இதில் மட்டும் கணக்குப் பார்க்கவில்லை. லூசான சட்டை பிள்ளையை விட்டுவிட்டுத் தான் மட்டும் மிதக்கும். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், போனில் பேசினால் நீ சிரிப்பாய், நான் கோபப்படுவேன், அப்பா பின்னால் நின்றுகொண்டு கார்டு தீருது கார்டு தீருது என்பார். கடிதத்தை யாரும் இடையில் வெட்ட முடியாது.

பெருநாள் லீவுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டதாக நீ சொன்ன அன்று எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பழைய கேரவன் வாங்கி, அல் கூஸில் உன் கராஜிலேயே நிறுத்தி, டூட்டி முடிந்த பிறகு நீயே தச்சு வேலை பார்த்து, கட்டில் அடித்து, அடுப்பு வைத்து, ஷைனி கையால் ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டு, அந்த வண்டியில் அப்பாவையும் அம்மாவையும் கடற்கரைக்குக் கூட்டிப் போகணும் என்று நினைக்கிற பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைக்கும். ஆனால் சந்தோஷம் வந்த கதவு வழியாகவே பயமும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கேஸ் அடுப்பை வண்டிக்குள் வைத்திருக்கிறாயே, ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கினால் என்ன ஆகும்? ஜீப்பின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகிற பாரம் வளைவில் அங்கேயும் இங்கேயும் ஆடுமா? அப்பாவுக்கு மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? மொபைலில் டவர் இருக்குமா? ஜெபமாலை உருட்டும்போது மணிக்கு ஒரு பயம் என்று வரிசையாக வருகிறது. மாதாவே பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறேன்.

இதெல்லாம் சாதாரணப் பயம். இதற்காகக் கடிதம் எழுதமாட்டேன். போன வாரம் கம்ப்யூட்டரில் நீ அனுப்பியிருந்த படத்தை அப்பா ஆபீசில் அச்செடுத்து வந்தார். வானத்திலிருந்து எடுத்த படம். எந்த இடத்தில் கேரவனை நிறுத்தப் போகிறோம் என்று நீ சிவப்பு வட்டம் போட்டிருந்தாய். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முழங்கையை மடக்கினது மாதிரி வளைந்து போகிற ஓடை. ஓடை ஓரமாக அடர்ந்த பச்சையில் அலையாத்திச் செடிகள். அதற்கும் கடலுக்கும் நடுவில், சோற்றுக் கஞ்சி காய்ந்த மாதிரி, வெள்ளையாக ஒரு பரப்பு. உன் வட்டம் அந்த வெள்ளைக்குள் இருந்தது. அன்று அப்பாவுக்கு ஊற்றி வைத்த சாயாவை நானே குடித்துவிட்டேன், என்ன செய்கிறோம் என்றே தெரியாமல்.

போனில் கேட்டேன். "இது எந்த இடம்?"

"உம் அல் குவைன் தாண்டிம்மா. தெரியலையா உங்களுக்கு? நம்ம வேன் போய் மாட்டிச்சே, அதே இடம். ரெண்டு மாசமா தேடிக் கண்டுபிடிச்சேன். ஜெனிக்கு அந்த இடத்தைக் காட்டணும். தண்ணி குளம் மாதிரி இருக்கும், அலையே கிடையாது, பிள்ளை பயப்படாம விளையாடலாம். வெள்ளையா தெரியுது பாருங்க, அது நல்ல கெட்டித் தரை, கேரவன் அசையாம நிக்கும்."

அப்புறம் நீ இன்னொன்று கேட்டாய். "அன்னிக்கு விடியக்காலம் பாடினீங்களேம்மா, மாதா பாட்டு. அதை அங்க வச்சு ஜெனிக்குப் பாடிக் காட்டணும், என்ன?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நம் வீட்டில் அந்த வேன் கதை எத்தனை தடவை சொல்லப்பட்டிருக்கிறது என்று உனக்கே தெரியும். ஞானஸ்நான விருந்தானாலும் சரி, யாராவது லீவுக்கு ஊர் போகிறதுக்கு முன்னால் நடக்கிற சாப்பாடானாலும் சரி, அப்பா ஆரம்பித்துவிடுவார். நாம் எல்லோரும் துபாயில் இருந்த காலத்தில் கம்பெனியின் ஏ.சி. ரிப்பேர் வேனை லீவு நாளில் கேட்டு வாங்கியது, உள்ளே பலகை அடித்து மெத்தை போட்டு "இதுதாம்லே நம்ம பங்களா" என்று உன்னிடம் காட்டியது, காலையில் எழுந்து பார்த்தால் சக்கரம் உப்புத் தரைக்குள் புதைந்து கிடந்தது, ஒரு அரபிப் பெரியவர் பிக்கப்பில் வந்து இறங்கி அப்பாவின் தலையில் விரலால் தட்டி "முக் மாஃபி?" என்று கேட்டது. மூளை இல்லையா என்று கேட்டதை அப்பா அப்படியே நடித்துக் காட்டுவார், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தப் பெரியவர் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்குக் கொண்டுபோய்ப் பேரீச்சம்பழம் கொடுத்தது வரைக்கும் கதையில் உண்டு. நடந்ததுதான், பொய் கிடையாது. ஆனால் அந்தக் கதை வேன் புதைந்ததிலிருந்து நேராகப் பெரியவர் வந்ததற்குத் தாவிவிடும். நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. அதை அப்பா சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு மறைக்கவில்லை. சிரிக்கிற கதைக்குள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டோம். இப்போது நீ அந்த நடு நேரத்துக்குள்தான் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

எப்படி அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்று முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நீயும் அதே காரணத்துக்காகத்தான் எடுத்திருக்கிறாய். நாங்கள் இரண்டு பேரும் கடற்புரத்தில் பிறந்தவர்கள். எங்கள் ஊரில் கடலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்டுவிடுவோம். படுத்தபடியே அலை அடிக்கிற சத்தத்தை வைத்து இன்றைக்குக் கடல் எப்படி என்று சொல்லிவிடுவோம். சத்தம் கூடினால் ஆண்கள் போகமாட்டார்கள், சத்தம் அடங்கினால் போவார்கள். கடல் என்றால் சத்தம், சத்தம்தான் ஆபத்து, இதுதான் எங்களுக்குள் ஊறிப்போயிருந்த அறிவு. இந்த வளைகுடாக் கடலோரம் வந்து நின்றபோது ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு கோடு மாதிரிக் கிடந்தது. அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று சிரித்தார். "இது கடலா? எங்க ஊர்க் குளம் இதைவிடச் சத்தம் போடும்" என்றார். மேலே ரோட்டுப் பக்கம் மணல் பொதபொதவென்று இருந்தது, வேன் மாட்டிக்கொள்ளும் என்று பயம். கீழே தண்ணீர்ப் பக்கம் தரை கெட்டியாக, காலால் உதைத்தால் டங்கென்று இருந்தது. உன்னை மாதிரியேதான் நினைத்தோம். கீழே கொண்டுபோய் நிறுத்தினோம். கடற்புரத்துக்காரர்களைத் தவிர வேறு யாராவது வந்திருந்தால் தண்ணீரைப் பார்த்துக் கொஞ்சமாவது பயந்திருப்பார்கள். எங்களுக்குத்தான் பயமே வரவில்லை.

அன்று சாயங்காலம் நன்றாகத்தான் இருந்தது. மீன் பொரித்தேன். நீ ஈர மணலில் நண்டு துரத்தினாய். அமாவாசையை ஒட்டின நாள் என்று நினைக்கிறேன், வானத்தில் நிலா இல்லை, நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. இருட்டைப் பார்த்து நீ சிணுங்கியதால் வேனின் உள் விளக்கை அணைக்காமலே விட்டுப் படுத்தோம். விடிகிற நேரத்தில் சாயா போடலாம் என்று கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தேன். தண்ணீர்.

அலையும் இல்லை, சத்தமும் இல்லை. பூனை உள்ளே வருவது மாதிரி வந்திருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர், தண்ணீருக்கு மேலே பனிமூட்டம். அடுப்பில் வைத்த இட்லிப் பானையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி வெள்ளை, ஆனால் குளிர்ந்த வெள்ளை. நீட்டின கையின் விரல் தெரியும், அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்பாவை உலுக்கி எழுப்பினேன். சாவியைத் திருப்பினார், வண்டி முனகவே இல்லை. ராத்திரி முழுக்க விளக்கு எரிந்ததில் பேட்டரி செத்துவிட்டது. ஹாரனை அழுத்தினார், தொண்டை கட்டின காக்கா மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. கீழே இறங்கிப் பார்த்தால், கெட்டித் தரை என்று நினைத்தது பால் ஏடு மாதிரி மேலே மட்டும்தான் கெட்டி. தண்ணீர் ஊறினதும் உடைந்து, பின் சக்கரம் இரண்டும் சேற்றுக்குள் இறங்கிவிட்டது.

"நான் ரோட்டுக்குப் போய் யாரையாவது கூட்டிட்டு வாறேன். நீ பிள்ளையை வச்சுக்கிட்டு உள்ளேயே இரு" என்றார்.

"பிள்ளையைத் தூக்கிட்டு மூணு பேரும் போயிருவோமே" என்றேன்.

"இந்தத் தண்ணியிலயா? வழியில குழி கிடக்கும், ஓடை கிடக்கும். தூங்குற பிள்ளையத் தூக்கிட்டு எங்கன்னு நடக்க? முழங்காலுக்குக் கீழதான் இருக்கு. இதோ போனேன், இதோ வந்தேன்."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். ஆறேழு எட்டு வைத்திருப்பார், வெள்ளைக்குள் காணாமல் போய்விட்டார். தண்ணீரில் கால் அளையும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. நான் படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரத்தின் நடுவில் ஒரு வளையம் உண்டே, முதலில் அது தெரிந்தது, பிறகு பாதி தெரிந்தது, பிறகு தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் ஊரில் இருட்டிலோ மூட்டத்திலோ கட்டுமரம் மாட்டினால், கரை எந்தப் பக்கம் என்று அலைச் சத்தம் சொல்லும். இங்கே கடலும் பேசவில்லை, கரையும் பேசவில்லை. அந்த மனுஷன் எந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பார்?

"என்னங்க" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. கட்டின நாளிலிருந்து சொல்லாத பேர், அந்த நேரத்திலும் வரவில்லை, பார். கத்துவதற்கு மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும், பாடினால் நின்று வரும் என்று அப்போது தோன்றியது. யார் தோன்ற வைத்தது என்று எனக்குத் தெரியும், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும். வேனின் படியில் ஏறி நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊர்க் கோயில் கொடியேற்றத்துக்குப் பாடுகிற மாதா பாட்டை எடுத்தேன். என்னால் எவ்வளவு உரக்க முடியுமோ அவ்வளவு உரக்க.

அந்தச் சத்தத்தில்தான் நீ எழுந்தாய். கண்ணைக் கசக்கிக்கொண்டு என் இடுப்பைப் பிடித்து எட்டிப் பார்த்தாய். அழுவாய் என்று நினைத்தேன். "கப்பல்! அம்மா, நம்ம வீடு கப்பலாயிட்டு!" என்று கை தட்டினாய். நான் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாய். முதலிலிருந்து பாடினேன், முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. நீ பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு வேனின் தகரத்தைத் தட்டினாய். தட்டு மக்களே, நல்லா தட்டு என்று சைகை காட்டினேன். அந்தச் சத்தமும் அவருக்குக் கேட்கட்டும் என்றுதான்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் படியைத் தொட்டது. அதற்கு மேலே ஏறவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து முதலில் தண்ணீர் அளையும் சத்தம் வந்தது, அப்புறம் அப்பா வந்தார். தொடை வரைக்கும் நனைந்து, ஒரு செருப்பு இல்லாமல். "போதும் பிள்ள, நிறுத்து, தொண்டை கிழிஞ்சிரும்" என்றார். உன்னைப் பார்த்துச் சிரித்து, "கப்பல் எப்படிலே இருக்கு?" என்று கேட்டார். பிறகு வெயில் ஏறி, மூட்டம் கலைந்து, வந்த மாதிரியே தண்ணீர் சத்தமில்லாமல் திரும்பிப் போனது. பெரியவரின் பிக்கப் கரையில் வந்து நின்றது. மீதியை அப்பா சொல்லித்தான் உனக்குத் தெரியுமே.

உன் மனதில் இருக்கிற அந்தக் காலை நேரத்தை நான் எடுத்துக்கொள்ள வரவில்லை. வீடு கப்பலானதும், அம்மா பாடினதும், தகரத்தில் நீ தாளம் போட்டதும் உன்னுடையது, அதை நீயே வைத்துக்கொள். ஆனால் அதை நம்பி ஜெனியை அந்த வெள்ளைப் பரப்பில் படுக்க வைக்காதே. நான் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம்தான் படித்தவள். அந்த நாளுக்குப் பிறகு இந்தக் கடலைப் பற்றி யாரிடம் கேட்க முடியுமோ அவரிடமெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே மனாமாவில் வலையும் தூண்டிலும் விற்கிற கடையில் ஒரு காலண்டர் கொடுப்பார்கள், தினமும் கடல் எப்போது ஏறும் எப்போது வற்றும் என்று போட்டிருக்கும். எண்ணெல்லாம் அரபியில் இருக்கும், அதையும் படிக்கக் கற்றுக்கொண்டேன். மனாமாவில் ஏறுகிற நேரம் உம் அல் குவைனுக்குப் பொருந்தாது, அங்கத்து நேரத்தை அங்கே உள்ள மீன்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். பகலுக்கும் இரவுக்கும் சேர்த்து இரண்டு தடவை ஏறும், ஆனால் இரண்டு ஏற்றமும் ஒரே அளவு இல்லை. முந்தின நாள் சாயங்காலம் சின்ன ஏற்றம் வந்து எங்களைத் தொடாமல் போயிருக்கிறது, விடிகாலையில் வந்தது பெரியது. அப்புறம் இன்னொன்று. நாம் போகப் போவது நோன்புப் பெருநாள் லீவு. பிறை பார்த்துத்தான் பெருநாள். பிறை தெரிகிற நாள் என்றால் அமாவாசை முடிந்த கையோடு, கடல் அதிகமாக ஏறுகிற நாள். துபாயிலிருந்து லீவு கிடைக்கிற எல்லோரும் அந்த நாட்களில்தான் கடலோரம் போகிறார்கள், கடலும் அந்த நாட்களில்தான் கரைக்கு வருகிறது. வெள்ளையாகத் தெரிகிறது கெட்டித் தரை இல்லை மக்களே. சப்கா என்று அரபியில் சொல்கிற உப்புப் பொருக்கு. கடல் வந்து போகிற இடம் என்பதால்தான் அங்கே உப்பு இருக்கிறது.

அப்படியானால் எங்கே போவது என்று கேட்பாய். போகாதே என்று நான் சொல்லமாட்டேன், சொன்னால் நீ எங்களை விட்டுவிட்டாவது போவாய், அது எனக்கு இன்னும் பயம். ஜெபல் அலி பக்கம் கடற்கரையில் நிறையப் பேர் கூடாரம் போடுகிறார்கள் என்று ஷைனி சொன்னாள். ஆள் இருக்கும், டவர் இருக்கும், கூப்பிட்டால் யாராவது வருவார்கள். ஆனால் ராத்திரி மணலில் பைக் ஓட்டுகிற பையன்கள் கூடாரம் எது, குழந்தை எது என்று பார்க்கமாட்டார்கள் என்றும் அவளேதான் சொன்னாள். என் மனது திப்பா பக்கம் போகிறது. அங்கே கடல் இந்தக் கடல் இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிழக்குக் கடல். கோயில் பஸ்ஸில் ஒருமுறை போயிருக்கிறோம், உனக்கு அப்போது காய்ச்சல், ஞாபகம் இருக்காது. கரை சரிவாக ஏறும், கூழாங்கல் கிடக்கும், அலை அடித்துத் திரும்பும்போது கல்லெல்லாம் உருண்டு சத்தம் போடும். பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே எனக்குக் காதில் கேட்டுவிட்டது. அந்தக் கடலில் ஜெனியை இறக்க முடியாது, கணுக்கால் அளவுக்கு மேல் விடவே கூடாது, அது இழுக்கும். ஆனால் இழுக்கப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிற கடல் அது. பின்னால் மலை இருக்கிறது, மழை பெய்தால் மலைத் தண்ணீர் வருகிற பள்ளத்தாக்கின் வாய் எங்கே என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு, அதற்கு நேராக இல்லாமல் ஒதுங்கி நிறுத்து. மலைப்பாதையில் இறக்கம் அதிகம், கிளம்பும் முன் கேரவனின் பிரேக்கை நீயே பார்க்காதே, உன் கராஜில் இன்னொருவரைப் பார்க்கச் சொல். சொந்த வண்டியின் குறை நம் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் இறங்கி நடந்து பார், காய்ந்த கடற்பாசி எந்த உயரம் வரைக்கும் ஒதுங்கிக் கிடக்கிறது என்று பார். கடல் அதுவரைக்கும் வந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே.

இவ்வளவும் எழுதி முடித்து, இன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். தொடங்கும்போது கட்டிலில் சாய்ந்துகொண்டு, "ஏட்டி, எதுக்குப் பயலைப் போட்டுப் பயமுறுத்துற? அவன் ஆசையா கூப்பிடுறான்" என்றார்.

"நான் பயமுறுத்தல. இவ்வளவு வருஷம் நான் மட்டும் வச்சிருக்கேன். அவனும் பாதி வச்சுக்கட்டும்" என்றேன்.

"கேரவன்ல வந்து ராத்திரி முழுக்க முழிச்சிருந்து சக்கரத்தைப் பாத்துக்கிட்டு இருக்கப் போற, வேற என்ன" என்று சிரித்தார். பாட்டு வருகிற இடத்தை வாசிக்கும்போது எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் வாசித்து முடித்ததும் தாளை வாங்கி அவரே ஒருமுறை பார்த்தார். பிறகு, "அதில ஒண்ணு தப்பா இருக்கு" என்றார்.

"எது?"

"நான் ரோட்டுப் பக்கம் போனேன்னு எழுதியிருக்க."

"அப்படித்தானே போனீங்க."

"அப்படித்தான் நினைச்சுப் போனேன். தண்ணி ஏறிட்டே இருந்தது. கரை பக்கம் போனா குறையணும்லா? கூடிக்கிட்டே இருந்தது. வழியில பள்ளம் போலன்னு நினைச்சு இன்னும் வேகமா நடந்தேன். அப்பதான் உன் சத்தம் கேட்டது, முதுகுக்குப் பின்னால. வேன் கடல் பக்கம் இருக்கு, நான் கரை பக்கம் போறேன், சத்தம் இப்படி பின்னால சின்னதா கேட்டா நான் ரோடு பக்கத்துல வந்திருக்கணும். ஆனா கால் வச்ச இடத்துல தண்ணி இடுப்புக்கு வருது. நான் கடலுக்குள்ள போய்க்கிட்டு இருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சது."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொடை வரைதான் நனைந்திருந்தார் என்று இத்தனை வருஷமும் நான் நினைத்திருந்தேன். அது திரும்பி வந்த ஆழம். போன ஆழத்தை எனக்குச் சொல்லவே இல்லை.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ என்னை எந்தக் கடலுக்கும் விட்டிருக்க மாட்ட" என்றார். பிறகு பேனாவை எடுத்து என் கையில் கொடுத்து, "அவனுக்கு எழுது. அந்த இடம் வேண்டாம்னு நான் சொன்னேன்னு எழுது. சிரிக்கிறதுக்கு நான் வேற கதை வச்சிருக்கேன்" என்றார். முக் மாஃபி என்று அவர் நடித்துக் காட்டும்போதெல்லாம் அவர் கண் எங்கே பார்க்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். ஒரு தடவைகூட என்னைப் பார்த்ததில்லை.

அதனால் அப்பா சொன்னதையும் எழுதிவிட்டேன். அந்த இடம் வேண்டாம். ஜெனிக்குக் காட்டியே ஆகணும் என்றால், பகலில், கடல் வற்றியிருக்கிற நேரம் பார்த்து, வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, மேலேயிருந்து கைநீட்டிக் காட்டு. அங்கேதான் நம் வீடு கப்பலாச்சு என்று சொல். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறி, மலையைத் தாண்டி அந்தப் பக்கம் வா.

நீ கேட்ட பாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு நான் அந்தப் பாட்டைப் பாடினதில்லை. கோயிலில் பாட்டுக்குழு அதை எடுக்கும்போது வாயைத் திறப்பேன், சத்தம் வராது. பக்கத்தில் நிற்பவர்கள் தொண்டை சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். மாதா தப்பாக நினைக்கமாட்டாள், அவளுக்குக் காரணம் தெரியும். நான் அதை ஒருவரைத் திரும்ப வரவழைக்கத்தான் கடைசியாகப் பாடினேன். உனக்காக மறுபடி பாடுகிறேன். ஆனால் இடத்தை நான் சொல்கிற மாதிரி எடு. கரை உயரமாக இருக்கட்டும். கடல் தன் சத்தத்தைத் தானே போடட்டும். நீ, ஷைனி, அப்பா எல்லோரும் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்காருங்கள், ஜெனி என் மடியில் இருக்கட்டும். யாரும் அந்தப் பாட்டைக் கேட்டு வழி கண்டுபிடித்து வரவேண்டாம். அப்படி ஒரு இடத்தில் மெதுவாகவே பாடலாம்.

கடிதம் கிடைத்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. பிரேக்கைப் பார்த்ததும் இன்னொன்று.

உன் பேரை நாள் தவறாமல் ஜெபத்தில் சொல்லுகிற,
அம்மா